நீதிமன்ற எழுத்தரும் நன்னடத்தை அலுவலரும்

நீதிமன்றம் என்றவுடன் நீதிபதியும் வழக்கறிஞரும் நம் நினைவுக்கு வருகின்றனர். வழக்குக் கட்டுகளுக்கிடையே அமர்ந்திருக்கும் எழுத்தரை எவரும் நினைப்பதில்லை. நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றிய நான் அவரை மறக்க இயலாது.

சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டிலேயே நன்னடத்தைச் சட்டம் கண்டது; மத்தியச் சட்டம் 1958இல் வந்தது. 21 வயது நிரம்பாதவர் ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் புரிந்தால், அவரைச் சிறைக்கு அனுப்புவது பற்றி முடிவு செய்யுமுன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது அதன் 6ஆம் பிரிவு. நீதிபதியின் பணிப்பின்படி அதற்குரிய கடிதத்தை எழுதுபவர் எழுத்தரே.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சமவெளி நகரொன்றின் காய்கறி மண்டியில் வேலை பார்த்த 19 வயது இளைஞன் கல்லாப்பெட்டியில் கைவைத்தான். பிணை நிற்க ஆளின்றிச் சிறையில் இருந்தான். எனக்கு வந்த கடிதத்தில் அவன் பெயர், தந்தை பெயர், 'கொடைக்கானல்' என்ற ஒரு சொல் ஆகியவையே இருந்தன. பழனிமலையோ ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரந்தது! பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை என அலைந்து, முடிவில் மன்னவனூரில் அவன் தாயைக் கண்டேன். அறிக்கை இரு வாரம் பிந்திற்று. அவ்விரு வாரமும் அவனுக்குச் சிறைவாசமாயிற்று. வழக்குக் கட்டிலோ ஊர்ப்பெயர் தொடக்கம் முதலே இருந்தது. எழுத்தர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இருவர் பிழைக்கும் விலை கொடுத்தவன் அவனே.

விடுவித்த பின்னரும் இவ்வுறவு முடிவதில்லை. மேற்பார்வை ஆணையின் நகலை அலுவலருக்கு உடனே தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. நகல் வாராவிடில், எத்தனை காலம், எந்நிபந்தனையின் பேரில் மேற்பார்வை செய்வது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? நிபந்தனை மீறப்பட்டால் அதனை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது அலுவலரின் கடமை.

ஆயினும் பகிர்தல் வேறு, பரப்புதல் வேறு. அறிக்கை இரகசியமானது என்கிறது 7ஆம் பிரிவு. அதன் சாரத்தைக் குற்றம் புரிந்தவருக்குத் தெரிவிக்கும் உரிமையும் நீதிமன்றத்துக்கே உண்டு. தந்தையின் குடிப்பழக்கம், வீட்டுக் கடன் யாவும் அதில் இருக்கும். தேநீர்க் கடையில் உதிர்ந்த ஒரு சொல், மாலைப் பேருந்தில் ஏறி மலையூருக்குப் போய்விடும். பின்னர் அவ்விளைஞனுக்கு எவர் வேலை தருவார்?

எனவே, கடிதத்தில் முழு முகவரி, உறையில் முத்திரை, நாவில் அடக்கம் இம்மூன்றும் வேண்டும். செலவில்லாத இவை ஓர் இளைஞனின் வாழ்வைக் காக்கும்.