பாயின்டர் நாய் வளர்ப்போர் கவனத்துக்கு

கௌதாரி, காடையின் வாடை பட்டதும் முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும் வேட்டை நாய் பாயின்டர். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். வேலை போனது, நாயின் கால் வேகம் மட்டும் குறையவில்லை. ஆவடி, அம்பத்தூர் பக்கம் நெருக்கமான வீடுகளில் சங்கிலியில் கட்டிப்போட்டால் ஓயாமல் குரைக்கும், மண்ணைத் தோண்டும். குறும்பு என்று அடிப்பது வீண். வெயில் ஏறுமுன் அதிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் நன்றாக ஓட விடுங்கள்.

ஆனால் சாப்பிட்ட உடனே ஓட விடக் கூடாது. மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பையில் வாயு நிறைந்து, அது முறுக்கிக்கொள்வதுண்டு. அதனால் ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமலே குமட்டி, எச்சில் ஒழுக, நிலைகொள்ளாமல் தவித்தால் அது அஜீரணம் அல்ல. ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உடனடி சிகிச்சையும் அறுவையும்தான் வழி. பூந்தமல்லியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நெரிசலில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். இரவில் அறுவை செய்யும் மருத்துவர் பக்கத்தில் யார் என்று நாய் வாங்கிய வாரமே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.