வெயிலில் ஏறுவதும் கடலைக் கடப்பதும்

காலையில் இலங்கையின் வன்னியில் உள்ள இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனால் செம்பருந்துகள் பட்டமரங்களில் குந்தியிருக்கும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகுதான் உயரே கிளம்பும். சோம்பலால் அல்ல. அவை ஏறுவதற்குத் தரை சூடாக வேண்டும்.

தரிசு வயலும் தார் றோட்டும் வெயிலில் சீக்கிரம் சூடேறும். அவற்றைத் தொட்ட காற்றும் சூடாகி, இலேசாகித் தூணாக எழும். வினாடிக்கு இரண்டு மூன்று மீற்றர் எழுவது சாதாரணம். சிறகடிக்காமல் மிதக்கும் பருந்து உண்மையில் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, வினாடிக்குச் சுமார் ஒரு மீற்றர். சுற்றியுள்ள காற்று அதைவிட விரைவாக எழுவதால் பறவையும் சேர்ந்து ஏறுகிறது. தூணை விட்டு விலகாமல் இருக்கவே அது வட்டமிடுகிறது. உச்சிக்குப் போனதும் வட்டத்தை முறித்து, அடுத்த தூண்வரை சறுக்கும். அந்தச் சறுக்கலில் செலவழிவது உயரம் மட்டுமே.

கடலுக்கு மேல் இந்த வித்தை பலிக்காது. எவ்வளவு வெயில் எறித்தாலும் நீர் மெல்லத்தான் சூடாகும். அதனால் வலசை போகும் பெரிய பருந்துகளும் கழுகுகளும் கடலைச் சுற்றிக்கொண்டு போகவே பார்க்கும். மெக்சிக்கோவின் வெராகுரூஸில் இலையுதிர் காலத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டவை மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஜோர்ஜியாவில் கருங்கடலோரத்துப் பட்டுமியிலும் அதே கதை.

இலங்கை தீவு, சுற்றுவழி கிடையாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான், ஆனாலும் அந்தக் கடல் ஆள் பார்த்துத்தான் விடுகிறது. நீலகிரி அடிவாரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் உண்டு. இலங்கையில் அவை குடியிருப்பதில்லை. கடல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அதற்கும் பங்கிருக்கும் என்பது என் எண்ணம்.

கடந்து வருபவற்றில் வன்னி வயல்களுக்கு ஏற்ற விருந்தாளி பூனைப்பருந்து. ஒல்லி உடம்பு, நீண்ட சிறகு. மிதக்கவும் தெரியும், வேண்டுமானால் சிறகடித்தே கடலைத் தாண்டவும் தெரியும். அது வந்து சேரும் ஐப்பசியில் மழையும் தொடங்கிவிடும். நிலம் குளிர்ந்து காற்றுத்தூண்கள் மெலியும். பூனைப்பருந்துக்கு அது பெரிய குறையல்ல. காலபோகப் பயிருக்குச் சற்று மேலே தாழப் பறந்து எலி, தவளை தேடும். முகத்தைச் சுற்றி ஆந்தைக்கு இருப்பதுபோன்ற இறகு வட்டம் ஒலியைக் காதுக்குச் சேர்க்கும்.

மழை விட்டு, தையில் வெயில் திரும்பியதும் செம்பருந்தும் பூனைப்பருந்தும் ஒரே வானத்தில் வட்டமிடும். மிதக்கையில் சிறகு தட்டையாக இருந்தால் செம்பருந்து. இரு சிறகும் மேல்நோக்கித் தூக்கியிருந்தால், வாலும் நீளமாக இருந்தால், பூனைப்பருந்து.