மதமதத்த கையும் நைலான் இழையும்

மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல்களைப் பற்றி விலை பேசும் வழக்கத்தில், பிடிபட்ட விரல்கள் எத்தனை, அழுத்தம் எந்தக் கணுவில் விழுகிறது என்பதைக் கண்ணின் உதவியின்றிக் கையே அறிந்துகொள்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையில் முதுகெலும்பை அமுக்கிச் சதைப்பிடிப்பை மதிப்பிடுவோரும் நம்புவது அதே அறிவைத்தான். உள்ளங்கையிலும் விரல்களிலும் தொடுதலை உணரும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்போவும் 1979-இல் கணக்கிட்டனர். அவை அனுப்பும் செய்தி தண்டுவடம் வழியே ஏறி, மூளையின் நடுவில் சந்திப்பு நிலையம் போல அமைந்த தாலமஸைக் கடந்து, தலையுச்சியில் காதுக்குக் காது வளைந்து கிடக்கும் புறணிப் பட்டையை அடைந்த பிறகே தொட்ட பொருள் இன்னதென்று விளங்குகிறது. பக்கவாதத்தில் இவ்வழியின் மேல்முனை சிதைந்துவிட்டால், தோலும் நரம்பும் பழுதின்றி இருக்கும்போதே கை மதமதத்துப் போகிறது.

உணர்விழந்த கைகளை வேலூர் வட்டாரம் வேறொரு நோயின் வாயிலாக நெடுங்காலமாக அறியும். 'உணர்ச்சியற்ற தேமல்' என்று சுவர்தோறும் எழுதப்பட்ட தொழுநோயில் கிருமி நரம்பையே அழிப்பதால் செய்தி புறப்படும் இடத்திலேயே அற்றுப்போகிறது. மடங்கிப்போன அத்தகைய கைகளைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொடங்கினார். 1955-இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. பிராண்ட் 1966-இல் பணியேற்ற அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையிலோ, கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழை உணர்வுச் சோதனையின் அளவுகோலாக நிலைபெற்றது.

அந்த இழையின் பிறப்பு தொழுநோயோடு தொடர்புடையதன்று என்பதுதான் வியப்பு. குதிரை மயிரைக் குச்சியில் ஒட்டித் தோலைத் தொட்டுச் சோதிக்கும் முறையை 1896-இல் ஜெர்மனியில் பணியாற்றிய மாக்ஸ் ஃபான் ஃபிரை வகுத்திருந்தார். மயிருக்குப் பதிலாக நைலானைக் கொண்டுவந்த ஜோசபின் செம்ஸும் சிட்னி வைன்ஸ்டைனும் சோதித்தது, போரில் குண்டுச் சிதறல் மூளையைத் துளைத்த முன்னாள் படைவீரர்களின் கைகளை. அவர்களது நூல் 1960-இல் வெளிவந்தது. இழையைத் தோலின்மேல் செங்குத்தாக ஊன்றும்போது அது வளையத் தொடங்கும் கணத்தில் அதன் விசை ஓர் அளவுக்குமேல் ஏறுவதில்லை என்பதால், சோதிப்பவரின் கை அழுத்தம் முடிவைக் கெடுக்க இயலாது. மெல்லிய இழை ஏறத்தாழ 0.07 கிராம் விசையில் வளையும்; நலமான விரல்நுனி அதனை உணர்ந்துவிடும்.

ஆயினும் மூளைச் சேதத்தில் இழை பாதிக் கதையையே சொல்லும். இழையின் தொடுதலை உணரும் நோயாளியே, சட்டைப்பையில் துழாவும்போது சாவி எது, நாணயம் எது என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பதுண்டு. கண்ணை மூடினால் தம் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாமற்போகலாம். மூட்டுகளின் நிலையை உணரும் இந்த அறிவை, விரலை மேலும் கீழும் அசைத்துக் கேட்டே மருத்துவர்கள் இன்றளவும் சோதிக்கின்றனர். அது ஆளுக்கு ஆள் மாறும் அளவை. இயந்திரம் இங்குதான் தேவைப்படுகிறது. கனடாவில் உருவான கின்ஆர்ம் கருவி பாதிக்கப்பட்ட கையை ஓரிடத்தில் நிறுத்த, நோயாளி மற்றக் கையை அதே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிழை எத்தனை சென்டிமீட்டர் என்பது பதிவாகிவிடும். கலிஃபோர்னியாவின் ஃபிங்கர் கருவியில், மறைக்கப்பட்ட ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும்.

வேலூர் மருத்துவக் கல்லூரியின் உயிரிப்பொறியியல் துறையும் சென்னை ஐஐடியும் இணைந்து உருவாக்கி, 2021-இல் ஆய்விதழில் விவரித்த 'புளூட்டோ' கருவி, ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டையும் விரல்களையும் பயிற்றுவிக்கிறது. அசைவை மீட்பதே அதன் முதல் நோக்கம் என்றாலும், மூட்டின் கோணத்தை அளக்கும் எந்தக் கருவியும் மூட்டுணர்வைச் சோதிக்கவும் அடிப்படையில் ஏற்றதே. அசைவுக்குத் தரப்படும் கவனத்தில் பாதியேனும் உணர்வுக்குக் கிடைக்காதிருப்பது பெருங்குறை. அசைந்தாலும் உணராத கை டம்ளரை நழுவவிடும், பிறகு வேலையிலிருந்தே ஒதுங்கிக்கொள்ளும்.

மீட்புப் பயிற்சிக்கு மெல்போர்னில் லீயன் கேரி வகுத்த முறை எளிமையானது. கண்ணை மூடித் தொட்டு விடை சொல்லி, பிறகு கண்ணால் சரிபார்த்து, நல்ல கையால் ஒப்பிட்டு, மீண்டும் தொட வேண்டும். கரடான வேறுபாட்டிலிருந்து நுண்ணிய வேறுபாட்டுக்கு நகர வேண்டும். 2011-இல் வெளியான, 50 பேர் பங்கேற்ற ஆய்வில் இப்பயிற்சியின் பலன் ஆறு மாதங்களுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் புளியங்கொட்டையும், கூடக் கொஞ்சம் கொள்ளும் இருந்தால், சிகிச்சையாளரின் வழிகாட்டுதலோடு வீட்டுத் திண்ணையிலும் இதனைத் தொடரலாம்.

பக்கவாதத்திலிருந்து மீளும் ஒருவர் வீட்டில் இருப்பின், அவருடைய கையின் உணர்வு சோதிக்கப்பட்டதா என்பதைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். சுடுநீர்ச் சொம்பை எடுக்குமுன் நல்ல கையால் தொட்டுப் பார்க்கும்படி அவருக்கும் சொல்லிவையுங்கள்.