நிலக்கடலைக் காட்டில் வெயிலும் களையும்

ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த நிலக்கடலை மூன்று வாரப் பயிராக இருக்கும்போது மழை ஓய்ந்து பத்து நாள் வெயில் காய்ந்தால், உச்சி வேளையில் கடலை இலைகள் கூம்பிவிடும். பக்கத்திலேயே நிற்கும் சாரணையும் கோரையும் வாட்டமில்லாமல் நிற்கும். இரண்டுக்கும் மண் ஒன்றுதான், ஈரம் ஒன்றுதான். வித்தியாசம் இலைக்குள் இருக்கிறது.

செடிகள் சூரிய ஒளியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் நீரையும் சேர்த்து மாவுச்சத்தைத் தயாரிக்கின்றன. கரியமில வாயு உள்ளே வர இலைத் துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் அதே வழியாக நீர் ஆவியாகிப் போகும். நிலக்கடலை, நெல், பருத்தி, பயறு வகைகளின் இலை, முழு வெயிலில் பாதியளவு கிடைத்தாலே ஏறக்குறைய நிறைவடைந்துவிடும். அதற்குமேல் வெயில் ஏறினால் மாவுச்சத்து அதிகம் கூடாது, நீர்ச்செலவுதான் கூடும்.

கோரை, அறுகு, சாரணை, முள்ளுக்கீரை ஆகியவை வேறு இனம். இவை கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் செறிவாகச் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே துளைகளைக் கொஞ்சம் திறந்தாலே போதும். உச்சி வெயிலும் வீணாவதில்லை. கரும்பில் இந்த முறை நடப்பதை ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற விஞ்ஞானிகள் 1966-இல் விளக்கினர். சோளம், கம்பு, மக்காச்சோளமும் இவ்வினமே. ஒரு கிலோ உலர்ந்த தழை உண்டாக இவற்றுக்குச் சுமார் 300 லிட்டர் நீர் போதும். கடலை இனத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். (தும்பை, குப்பைமேனி போன்ற களைகள் கடலையின் இனம்தான்.)

குறைவாகக் குடிக்கும் களைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணக் கூடாது. ஒரு கிலோவுக்குத்தான் சிக்கனம். வெட்டவெளி வெயிலில் அது கிலோ கணக்கில் வளர்ந்துவிடும். மொத்தத்தில் கடலைக்கு இருந்த ஈரம் போய்விடும்.

இந்தக் களைகளின் பலவீனம் நிழல். நிழலில் கோரை மெலிந்து, கிழங்கு வைப்பதும் குறையும். எனவே தரையில் வெயில் விழாமல் கடலைச்செடியே மூடுவதுதான் செலவில்லாத களைக்கட்டுப்பாடு. கொத்துரகத்துக்கு 30 செ.மீ. வரிசையும் 10 செ.மீ. செடி இடைவெளியும் இருந்தால் சதுர மீட்டருக்கு 33 செடிகள் நிற்கும். விதையை மிச்சம் பிடிக்க எண்ணிக் கலக்க விதைத்தால், மிச்சமான இடத்தைக் கோரை எடுத்துக்கொள்ளும். முளைக்காத இடங்களில் ஒரு வாரத்துக்குள் மறுவிதை ஊன்றிவிட வேண்டும்.

பயிர் தரையை மூடும்வரை ஆள் கொத்தித்தான் காக்க வேண்டும். 20 முதல் 25 நாளில் முதல் களை, 40 முதல் 45 நாளில் இரண்டாம் களையும் மண் அணைப்பும். முதல் களை தள்ளிப்போனால் சாரணை பூத்து விதை உதிர்த்துவிடும். 45 நாளுக்குப் பிறகு விழுது மண்ணில் இறங்கியிருக்கும், களைக்கொத்து போடக்கூடாது. தலைக்குமேல் நிற்கும் களைகளை மட்டும் கையால் பிடுங்கலாம்.

கோரைக்கிழங்கு மட்டும் நிழலால் சாகாது, அடுத்த பட்டத்துக்குக் காத்துக் கிடக்கும். கோடை உழவில் அதைப் புரட்டி வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டும்.