பதித்த பல்லும் பக்கத்து ஈறும்

ஸ்ரீரங்கத்தில் நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியர். கடைவாய்ப் பற்கள் இரண்டு விழுந்துவிடவே, காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குப் போய், சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டு, 'இம்பிளாண்ட்' பற்கள் பதித்துக்கொண்டு வந்தார். "இனி இவை சொத்தை விழாது, சார்!" என்றார் பெருமையுடன்.

வாஸ்தவந்தான். உலோகம் சொத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு உலோகமல்லவே! சில வருஷங்களில், பல் விளக்கும்போது அவ்விடத்தில் இரத்தம் கசிந்தது. வலி இல்லை, ஆகவே நண்பர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பு சிறிது கரைந்திருந்தது.

1952-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து பிரானெமார்க் என்பவர், முயலின் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால், அது எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது! அந்த வியப்பின் பலனாக 1965-இல் மனிதர் வாயில் பல் பதிக்கப்பட்டது. எலும்பு இவ்வாறு உலோகத்தை ஏற்றுக்கொள்கிறது. ஈறோ அவ்வளவு நெருங்குவதில்லை. இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் தைத்தாற்போல் பாய்ந்திருக்கும். பதித்த பல்லையோ சட்டைக் கழுத்துப் போலச் சுற்றி நிற்கின்றன. அந்த இடுக்கில் அழுக்குப் படிந்தால் கிருமிகள் சுலபமாகக் கீழே இறங்கிவிடும்.

ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் வருகிற நிலையில் வைத்தியரிடம் போனால், படிந்ததைச் சுரண்டி எடுத்துவிடுவார். வீட்டிலும் சுத்தம் காத்தால் பெரும்பாலும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு கதை வேறு. ஈறைத் திறந்து சுத்தம் செய்ய நேரலாம்; சமயத்தில் திருகையே கழற்றிவிட வேண்டியும் வரும். உப்பு நீரில் கொப்பளிப்பது இதமாக இருக்குமே தவிர, படிந்த அழுக்கை அகற்றாது.

தினம் இருமுறை மென்மையான பிரஷ்ஷால் விளக்கி, பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷையும் உபயோகிக்க வேண்டும். கரித்தூளும் செங்கல் பொடியும் உதவா. சர்க்கரை வியாதியுள்ளவர்கள் அதைக் கட்டில் வைத்திருப்பது அவசியம். புகையோ பெரும் பகை. உறையூர்ப் பக்கத்துச் சுருட்டுக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் இருந்தது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டு வருகிறது. துப்பறிய உதவிய அச்சாம்பல் ஈறுக்கு ஒருநாளும் உதவியதில்லை.

நண்பருக்கு ஈறைத் திறந்து சுத்தம் செய்தார்கள், பல் தப்பியது. கரைந்த எலும்பு கரைந்ததுதான். சென்ற வாரம் அவர் வீட்டிற்குப் போயிருந்தோம். வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்த அறையில் இப்போது அந்தச் சிறு பிரஷ் படுத்திருக்கிறது.