குத்துச்சண்டையில் யார் யாருடன் மோதுவது? முடிவெடுப்பது யார்?

காற்பந்தில் அட்டவணை சொல்லும் அணியோடு மோதியே ஆகணும். நிபுணத்துவக் குத்துச்சண்டை அப்படி இல்லை. ஏற்பாட்டாளர்கள் பேசி முடித்தால்தான் ஆட்டம்.

ஃபுளோய்ட் மேவெதர் - மேனி பக்கியாவ் மோதலை ரசிகர்கள் 2009இலேயே கேட்டாங்க. ஊக்கமருந்துச் சோதனை, பணப் பங்கீடு என இழுபறி நீடித்தது. 2015 மே 2ஆம் தேதிதான் லாஸ் வேகஸில் மோதினர். மேவெதருக்கு அப்போது வயது 38, பக்கியாவுக்கு 36.

ஏன் தள்ளிப்போடுறாங்க? ஒரு தோல்வி வந்தாலே வீரரின் 'விலை' இறங்கிவிடும். அதனால் வளரும் வீரருக்குத் தோற்கக்கூடிய எதிராளியாகத் தேடுவாங்க. அந்த எதிராளிக்குக் கிடைப்பது சிறு தொகை. வாங்கும் அடி மட்டும் நிஜம்.

தகுதியான எதிராளியை வெற்றியாளர் குறித்த காலத்துக்குள் சந்திக்கணும் என்பது உலக அமைப்புகளின் விதி. ஆனால், அந்த எதிராளிக்கே பணம் கொடுத்து, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லவும் வழி உண்டு.