கேமரா இல்லாமல் ஒரு படம்

விண்வெளியில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள், தன்னைக் கடந்து பறக்கும் இன்னொரு விண்கலத்தைப் படமெடுக்க முடியுமா? அதுவும் கேமரா இல்லாமல்?

முடியும் நேயர்களே! 2008 மார்ச் மாதம் அது நடந்தது. ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் செயற்கைக்கோள், ரேடார் அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதை வைத்துப் பூமியைப் படமெடுப்பது. அன்று அதைக் கடந்து போனது சர்வதேச விண்வெளி நிலையம். இடைவெளி, கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். கிடைத்த நேரமோ சுமார் மூன்றே விநாடிகள்! அதற்குள் படம் பதிவாகிவிட்டது.

அந்தப் படத்தில் தெரிந்தவை நெருக்கமான ஒளிப்புள்ளிகள். அவற்றிலிருந்தே நிலையத்தின் வடிவம் தெளிவாகப் புலப்பட்டது. சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்த பகுதிகளைக்கூடப் பிரித்தறிய முடிந்தது.

ஆனால் வழவழப்பான சூரியத் தகடுகள் இருட்டாகத் தெரிந்தன. ஏன் தெரியுமா? சாய்த்துப் பிடித்த கண்ணாடியில் டார்ச் அடித்தால், வெளிச்சம் நம்மிடம் திரும்பாமல் வேறு பக்கம் போய்விடுமல்லவா? தகடுகளில் பட்ட ரேடார் அலைகளும் அப்படித்தான் விலகிப் போயின. விளிம்புகளிலும் மூலைகளிலும் பட்ட அலைகள் திரும்பி வந்தன. அதனால் அந்த இடங்கள் மட்டும் பளிச்சென்று பதிவாயின.

ரேடாருக்குச் சூரிய வெளிச்சம் தேவையே இல்லை. பூமியின் நிழலுக்குள் இருட்டில் பறக்கும் விண்கலத்தையும் அதனால் படமெடுக்க முடியும். பேச்சு மூச்சில்லாமல் போன ஒரு செயற்கைக்கோள் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, இது மிகவும் பயனுள்ள வழி.